ஒரு காதில பாடம், மற்றக் காது போனுக்கு

...அதுக்கில்லைப் பிள்ளையள், நீங்கள் ரயிலில லப்டொப்பை விரிச்சு வைச்சுக்கொண்டு "வேலை நடக்குது" எண்டு படம் போடுறியளெல்லோ, அதைப் பாத்த உடன எனக்கு ஒரு மணம் வந்தது. ஈர ஜக்கெற்றும் பஸ் ஹீற்றரும் சேந்த மணம்...

இஞ்ச டென்மார்க்கில, விபோர்க்கில இருந்து சில்க்போர்க் போற காலமை பஸ். நான் வேலை செய்த வயோதிபர் இல்லம் இடைவழியில ஒரு சின்ன ஊரில. ஊரில யுத்தம் முடியிற வருசம் அது.

அப்ப நான் வேலை செய்துகொண்டே பராமரிப்புப் படிப்பும் படிக்கிறன். வாய்ச்சோதினை ஒண்டு கிடக்கு. அதில பாஸ் பண்ணினாத்தான் நிரந்தர வேலை.

எனக்கெண்டா ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பு. சத்தமாச் சொல்லிப் பாடமாக்கினாத்தான் மண்டையில ஏறும். டெனிஷ் புத்தகத்தை முறைச்சுப் பாத்துக்கொண்டிருந்தா நித்திரைதான் வரும்.

என்ர மூத்தவள், அப்ப ஏழாம் வகுப்பு, தன்ர எம்பி3 பிளேயரைத் தந்தாள். லைற்றர் அளவு, ரோசாப்பூ நிறம். பாடம் முழுக்கத் தானே வாசிச்சு அதில ஏத்தி விட்டாள். நான் நித்திரை கொள்ளாமல் இருக்க ஒரு பாடம், ஒரு சாமிப்பாட்டு, ஒரு பாடம், ஒரு சாமிப்பாட்டு எண்டு மாறி மாறி.

கெட்டிக்காரிதான். ஆனா பாருங்கோ, நோயாளிக்குச் சலம், அதுதான் மூத்திரம், எடுக்கிற குழாய் எப்பிடிப் பூட்டிறது எண்ட பாடம் முடிய, உடன பிள்ளையார் பாட்டு!

உடன மகளைக் கூப்பிட்டன்.

"பிள்ளை, இதை மாத்தடி. பிள்ளையாருக்குப் பக்கத்தில கை கழுவுற பாடத்தைப் போடு."

அவள் டெனிஷில, "அம்மா, பிள்ளையாருக்கு டெனிஷ் விளங்காது" எண்டாள்.

இவர் பேப்பருக்குப் பின்னால இருந்து, "அவருக்கு விளங்கும், உன்ர கொம்மாவுக்குத்தான் விளங்காது" எண்டார். மனுசன்ர வாய்!

கடைசியில மாத்தித் தந்தாள்.

ஆனா ஹெட்போனை ஒரு காதில மட்டும்தான் செருகுவன். மற்றக் காது போனுக்கு.

என்ர தங்கச்சி குடும்பம் சண்டை நடக்கிற வன்னிக்குள்ள. மாசி மாசத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இருக்கினமோ இல்லையோ தெரியாது. போனை எந்த நேரமும் கையில பிடிச்சபடிதான். பற்றரி இறங்கிப்போகுமெண்டு ஒருத்தருக்கும் கோல் எடுக்கிறேல்ல. வீட்டில சார்ஜ், வேலையில சார்ஜ். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியில மகள் போனோட நிக்கோணும்.

பஸ்ஸில நான் வாய்க்குள்ள முணுமுணுத்துக்கொண்டு வருவன். "கையைக் கழுவோணும், கையுறை போடோணும், நோயாளிக்கு முதல் சொல்லோணும்..." எல்லாம் டெனிஷில. நடுவில "பிள்ளையாரே, அவளைக் காப்பாத்து" எண்டு தமிழில. டெனிஷ்காரர் யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டு இருப்பினம். வருசக்கணக்கா ஒரே பஸ், ஒரே சனம், ஒரு குட்மோர்னிங் கிடையாது.

யுத்தம் முடிஞ்சுதெண்டு செய்தி வந்து கொஞ்ச நாளால... வயலெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்த நேரம். போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர்.

"அக்கா?"

"ஆரது?"

"நான்தான் அக்கா, வசந்தி."

"எடியே... எங்கையடி நிக்கிறாய்!"

"முகாமுக்குள்ள. இது வேறொராளின்ர போன், கனக்கக் கதைக்கேலாது. நாங்கள் நாலு பேரும் இருக்கிறம். இவருக்குக் காலில மட்டும்தான் காயம்."

எனக்கு வேற ஒண்டும் கேக்கத் தெரியேல்ல. "சாப்பிட்டனியளோ?" எண்டு கேட்டன்.

"ஓமக்கா. நீ எங்க, வீட்டிலயோ?"

"இல்லையடி, பஸ்ஸில. சோதினைக்குப் படிச்சுக்கொண்டு போறன்."

"உந்த வயசிலயோ?" எண்டு சிரிச்சாளே பாருங்கோ... அந்த இடத்தில இருந்துகொண்டு சிரிச்சாள்! சின்னனில நான் கணக்கில பிழை விடேக்க சிரிக்கிற அதே சிரிப்பு. அதோட லைன் அறுந்துபோச்சு.

நான் "பிள்ளையாரே!" எண்டு பெரிசாக் கத்தி அழுதிட்டன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. பக்கத்துச் சீற்று மனுசி கூட அசையேல்ல. இதென்ன கல்லுச் சனமப்பா எண்டு எனக்குப் பெரிய மனவருத்தம். அழுதழுது இறங்கி, றோட்டோரத்தில நிண்டு இவருக்கு எடுத்துச் சொன்னன்.

சோதினையும் பாஸ். கேட்டது எது எண்டு நினைக்கிறியள்? அந்தக் குழாய்தான்! மனசுக்குள்ள பிள்ளையாரிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டு மளமளவெண்டு ஒப்புவிச்சன்.

இப்ப மூத்தவள் ரயிலில லப்டொப்போட வேலைக்குப் போறாள். நான் இப்பவும் அதே இல்லம், அதே பஸ். என்ர போனுக்குள்ள பாட்டும் இருக்கு, படமும் இருக்கு, வேலை அட்டவணையும் இருக்கு. ரெண்டு காதிலயும் ஹெட்போன். வசந்தி கிளிநொச்சியில புது வீட்டில இருந்து நினைச்ச நேரமெல்லாம் வீடியோவில வாறாள், "அக்கா, இண்டைக்கு என்ன கறி?" எண்டு கேட்டுக்கொண்டு. சிலவேளை, "உவளுக்கு வேற வேலையில்லை" எண்டு நான் எடுக்காமலும் விடுறன். அப்பிடி விடக் கிடைச்சதே அந்தப் பிள்ளையார் தந்த வரம்தானே...

பொறுங்கோ, இதை எழுதேக்கதான் ஒண்டு ஞாபகம் வருது. நான் இறங்கிற அந்த பஸ் தரிப்பில என்னைத் தவிர ஒருத்தரும் இறங்கிறேல்ல. உள்ளுக்க இருக்கிற சிவப்புப் பொத்தானை ஆராவது அமத்தினாத்தான் அங்க பஸ் நிக்கும்.

அண்டைக்கு பஸ் நிண்டது, ஆனா நான் அமத்தேல்ல. ரெண்டு கையாலயும் போனையெல்லோ பிடிச்சுக்கொண்டிருந்தனான்.