நடிக்க வந்த நோயாளி

நாகலாபுரத்தைச் சுற்றியிருக்கும் கரிசல் ஊர்களில் உக்கிரபாண்டியின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடைத் திருவிழா, காணாமல்போன மாடு, கரண்டு நிறுத்தம், மரணம் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் முப்பது வருஷமாக அறிவித்து வந்தவர் அவர். எந்தச் சேதிக்கு எந்தக் குரல் என்பதில் கறாராக இருப்பார். சேலைத் தள்ளுபடி என்றால் குரல் துள்ளும். கொடை என்றால் முழங்கும். சாவு என்றால் இறங்கி, கனத்து, சவ ஊர்வலத்துக்கு முன்னாலேயே தெருவில் நடக்க ஆரம்பித்துவிடும். "எனக்கு ஒண்ணுன்னா உக்கிரபாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லணும்" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்த பெரியவர்கள்கூட அங்கே இருந்தார்கள்.

ஆட்டோ, சங்கிலிப்பாண்டியுடையது. அவர் ஓட்டுவார், இவர் பேசுவார். இருவரும் சேர்ந்து போகாத ஊர் அந்த வட்டாரத்தில் இல்லை. போன வருஷம் பங்குனியில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே சங்கிலிப்பாண்டி நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. செத்தவரின் ஆட்டோவிலேயே செத்தவரின் சாவை அறிவிக்க வேண்டியதாயிற்று. சங்கிலிப்பாண்டியின் அண்ணன் மகன் இசக்கிமுருகன் ஓட்டினான். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று தொடங்கி, ஒரு இடத்திலும் தடுக்காமல் எல்லாத் தெருவையும் உக்கிரபாண்டி முடித்துவிட்டு வந்தார். "கூட்டாளி சாவுக்கே குரல் உடையலையே, என்ன மனுசன்யா" என்று ஊர் மெச்சியது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு மாசம் கழித்து, முன்பின் அறியாத ஒரு பாட்டியின் சாவுக்காக மைக்கைப் பிடித்தபோதுதான் அது வந்தது. "ஆழ்ந்த" என்றதுமே நெஞ்சு தடதடவென்று அடித்தது. கை மரத்தது. சட்டை நனைந்தது. சங்கிலிப்பாண்டிக்கு வந்ததுதான் தனக்கும் வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. மைக்கை இசக்கிமுருகன் மடியில் போட்டுவிட்டு, ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டார்.

கோவில்பட்டியில் பார்த்தார்கள். திருநெல்வேலியில் பார்த்தார்கள். வயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லா டாக்டரும் சிரித்த முகத்தோடு "ஒண்ணுமில்லை" என்றார்கள். நோய் இருக்கிறது என்றால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். அது திரும்பத் திரும்ப வந்தது, ஆனால் ஒன்றுமில்லையாம்.

அவர் மனைவி பாலம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டு அவரைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போய் முடியிறக்க வைத்தாள். குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடமும் கூட்டிப்போனாள். சங்கிலிப்பாண்டி இன்னும் ஒலிபெருக்கிக் குழாயை விட்டு இறங்கவில்லை என்று கோடாங்கி கண்டுபிடித்தார். இரண்டு குழாய்களுக்கும் எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் பூசி, மந்திரித்தார்கள். கொஞ்ச நாள் ஜவுளித் தள்ளுபடியெல்லாம் குங்குமப் பொட்டோடு ஊர்வலம் போயிற்று. உரக்கடைச் சுடலைக்கண்ணு மட்டும் எந்தச் செலவும் வைக்காமல் வைத்தியம் சொன்னார்.

"வேலை கம்மியானா மனுசனுக்கு இதுதான்யா வரும். நாலு நாளு எங்காட்டுல மொளகாய் பறி. நெஞ்சு தானா நிக்கும்."

"நெஞ்சு நின்னுரும்னுதானே அண்ணாச்சி பயப்படுதேன்" என்றார் உக்கிரபாண்டி.

அதன்பிறகு சாவு அறிவிப்பை மட்டும் விட்டுவிட்டார். தொண்டையில் கோளாறு என்று சொல்லிக்கொண்டார். அதே தொண்டையால் அவர் ஆடித் தள்ளுபடியை முழங்குவதை ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் மனநல ஆலோசனை முகாம் வந்தது. ஆலோசகர் ரூபி, கோவில்பட்டிப் பெண், முப்பது வயதிருக்கும். சுற்றுவட்டாரம் முழுக்க அறிவிக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தாள். உக்கிரபாண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடைக்குரலைத் தேர்ந்தெடுத்தார்.

"தூக்கம் வரவில்லையா? காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா? இப்போதே செத்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறதா? கவலை வேண்டாம்! மருந்துச் சிகிச்சை, பேச்சுவழி ஆலோசனை, பயத்தைப் படிப்படியாகப் பழக்கித் தீர்க்கும் பயிற்சி, குடும்ப ஆலோசனை, குழு ஆலோசனை அனைத்தும் உண்டு! இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை! ஒன்றுமில்லை! ஒன்றுமில்லை!"

கடைசிச் சொல்லை மூன்று தரம் சொல்ல வேண்டும் என்று தாளில் இல்லை. அது அவருடைய கைவரிசை. கேள்விகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஆமாம் போட்டுக்கொண்டே போனார். யாரோ விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது. தனக்காகவும் எழுதியிருக்கலாம் என்பது மட்டும் படவில்லை.

முகாமன்று சமுதாயக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கண் முகாம் என்று நினைத்து வந்த இரண்டு பாட்டிகள், கண்ணாடி எப்போது தருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மற்றபடி ஊரே எதிர்த்த வேப்பமரத்தடியில் நின்றது. யார் முதலில் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். முகாமுக்கு வந்த மனநல டாக்டர் தேவஆசீர்வாதம் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரூபி வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. நீங்க சும்மா மொத ஆளா வந்து உக்காருங்க. டாக்டர்கிட்ட எதையாவது பேசிட்டிருந்தாப் போதும். ஒங்களைப் பாத்து நாலு பேரு வருவாங்க."

"நடிக்கணும்ங்கீங்க. அவ்வளவுதானே?"

அவர் நேரே மைக்குக்குப் போனார். "முதல் நபராக, உங்கள் உக்கிரபாண்டி அவர்கள் ஆலோசனை பெறுகிறார்!" என்று தன்னைத் தானே அறிவித்துவிட்டு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு உள்ளே போனார். வேப்பமரத்தடியில் கைதட்டல் கேட்டது.

"என்ன சார் சொல்லட்டும்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க."

எதையாவது புனைந்து சொல்லலாம் என்று பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு வச்சிக்கிடுங்க" என்றார்.

"எப்பலேருந்து?"

"ஆறு மாசமான்னு வச்சிக்கிடுங்க."

"எப்பப்ப வருது?"

"சாவு அறிவிப்பு சொல்லப் போனா வருது… வருதுன்னு வச்சிக்கிடுங்க. செத்திருவேன்னு தோணும். என் கூட்டாளி அப்படித்தான் சார் போனான்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, வச்சிக்கிட்டேன். இனி வச்சிக்கிடாமச் சொல்லுங்க."

உக்கிரபாண்டிக்கு வாய் கோணியது. மரத்தடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "பாருலே, கண்ணீரைக்கூட வரவழைக்காரு" என்று அசந்துபோனார்கள். அந்த நடிப்பில் மயங்கி அன்றைக்கு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள்.

"ஒங்க இதயத்துல ஒண்ணுமில்லைங்கது நெசம்" என்றார் டாக்டர். "ஒங்களுக்கு ஒண்ணுமேயில்லைன்னு சொன்னா அது நெசமில்ல. இதுக்குப் பதற்ற நோய்னு பேரு. சரிபண்ணலாம்."

நோய்க்கு ஒரு பேர் இருக்கிறது என்று கேட்டதுமே பாதி சரியானது போலிருந்தது அவருக்கு. சின்ன மாத்திரை ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் கோவில்பட்டிக்கு வந்து ரூபியைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் சிக்கல். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஊர் ஊராக மூன்று தரம் முழங்கிய மனிதர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்குப் போகிறேன் என்று வீட்டுக்கு வெளியே சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். ரூபியின் அறை ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தது. தெரிந்த முகம் எதுவும் தென்பட்டால், சட்டை தைக்க வந்தவர்போல் கீழேயே நின்று துணியைத் தடவிப் பார்ப்பார்.

ஊருக்கே புத்தி சொல்கிறவனுக்கு இந்தப் பிள்ளை என்ன புத்தி சொல்லிவிடப் போகிறது என்ற நினைப்போடுதான் முதல் தடவை உட்கார்ந்தார். ரூபி ஒரு புத்தியும் சொல்லவில்லை. கேட்டாள், கேட்டதற்குப் பதில் வரும்வரை காத்திருந்தாள். மூச்சை எப்படி நிதானமாக இழுத்துவிடுவது என்று பழக்கினாள். குரலை வைத்தே பிழைத்தவருக்கு மூச்சுப் பிடிப்பதில் ஏற்கெனவே கர்வம் உண்டு. அதை விடுவதற்குத்தான் சிரமப்பட்டார்.

"நெஞ்சு அடிக்கும். சரி. அது சாவுதான்னு யாரு ஒங்களுக்கு அறிவிச்சது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நாந்தான்" என்றார்.

அடுத்து, பயந்த சொல்லையே சொல்லிப் பழக வேண்டும் என்றாள். முதலில் "ஆழ்ந்த" மட்டும், அதுவும் ரகசியக் குரலில். அடுத்த வாரம் "ஆழ்ந்த வருத்தத்துடன்". நெஞ்சு அடிக்கும்போது எழுந்து ஓடாமல், அது தானாக அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அடங்கியது, அதுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது. பிறகொரு நாள் இல்லாத ஒருவரின் பேரைச் சொல்லி முழு அறிவிப்பையும் முழுக்குரலில் சொல்லச் சொன்னாள். அவர் முடித்ததும் கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு கீழ்க்கடைத் தையல்காரர் நின்றார்.

"யாரு தவறிட்டாவ? எத்தனை மணிக்கு எடுக்காவ?"

யாருமில்லை என்று ரூபி சொல்லியும் அவர் நம்பாமல் இறங்கிப்போய், அன்றைக்கு ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டார்.

கடைசியாகத்தான் சங்கிலிப்பாண்டியின் பேர் வந்தது. "நாகலாபுரம் ஆட்டோ சங்கிலிப்பாண்டி அவர்கள்" என்பதுவரை குரல் ஒழுங்காக வந்தது. அதற்குமேல் அதை அறிவிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாத் தெருவையும் சுற்றியும் வராத அழுகை அங்கே வந்தது. ரூபி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் மனைவியையும் கூட்டிவரச் சொன்னாள். குடும்ப ஆலோசனையாம். பஸ்ஸிலேயே உக்கிரபாண்டி சொல்லிக்கொடுத்தார்.

"நீ ஒண்ணும் பேசாண்டாம்ட்டி. எல்லாம் நான் சொல்லிக்கிடுதேன். கேட்டா தலையை ஆட்டு."

சொன்னபடியே, தன் நோயால் பாலம்மாள் பட்ட பாட்டைக் கேட்போர் உருகும்படி அவரே விவரித்தார். அவர் முடித்ததும் ரூபி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா."

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாம்தான் இவிய சொல்லிட்டாவளே."

உக்கிரபாண்டி மேற்கொண்டு விளக்க வாயைத் திறந்தார். பொறுங்கள் என்று ரூபி கையைக் காட்டினாள். பாலம்மாள் சேலை முந்தியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுலயும் மைக்கு இவிய கையிலதாம்மா. எங்கம்மா செத்தன்னைக்கு இவியதான் அறிவிப்பு. என்னமாச் சொன்னாருன்னு ஊரே பேசுச்சு. எழவுக்கு வந்த பொம்பளைகள்லாம் எங்கிட்ட வந்து ஒம் புருசன் குரலு ஒம் புருசன் குரலுன்னாளுவ. நான் அழுததை ஒருத்தரும் கேக்கல. அதோட சரி. நான் அழுது பல வருசம் ஆச்சு."

தன் மனைவி இவ்வளவு நீளமாகப் பேசி உக்கிரபாண்டி கேட்டதில்லை. அல்லது, இருந்து கேட்டதில்லை. கல்யாணம் கட்டிக்கொடுத்த மகளைத் திருப்பூருக்குப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டது, ராத்திரியெல்லாம் இவர் மூச்சு ஓடுகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு விடியற்காலம் வேலைக்குப் போனது, எல்லாம் வந்தது. ரூபி கேட்டுவிட்டு, அக்கா இனி தனியாகவும் வர வேண்டும் என்றாள்.

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் அவர் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் பாலம்மாளின் குரல் ஏறும், இறங்கும், சில சமயம் சிரிக்கும். கீழே தையல் மிஷின் ஓடுவதால் ஒரு சொல்லும் பிடிபடாது. ஒருதரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"உள்ள என்னட்டி அவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றாள், அதிகாரியைப் போல.

மாசியில் அவர் மறுபடியும் ஒரு சாவுக்கு மைக்கைப் பிடித்தார். நெஞ்சு அடித்தது. இசக்கிமுருகனிடம் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அது அடித்து ஓயும்வரை இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பழைய கனம் இல்லை, கொஞ்சம் கரகரத்தது. குரல் முன்போல் இல்லை என்று ஊர் குறைப்பட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பாலம்மாள் தனியாகத் திருப்பூர் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து சாயங்காலமானால் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். இது எந்தச் சிகிச்சையின் பக்க விளைவு என்று அவர் ரூபியிடம் முறையிட்டார். நல்ல விளைவுதான், ஊங்கொட்டிக்கொண்டு இருங்கள் என்றுவிட்டாள் அவள்.

சித்திரையில் ஒருநாள் உரக்கடைச் சுடலைக்கண்ணு ஆட்டோவை மறித்தார். ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"நீ எங்கயோ வைத்தியத்துக்குப் போறேன்னு காதுல விழுந்துச்சு. எம் மச்சான் ஒருத்தன் இருக்கான். ஒறங்கவே மாட்டேங்கான். அவனுக்காகக் கேக்கேன்."

உக்கிரபாண்டி அவர் கண்ணைப் பார்த்தார். சுற்றிலும் கருத்து, உள்ளே சிவந்து, பல நாள் ஒழுங்காக மூடாத கண்ணாக இருந்தது.

"வியாழக்கிழமை காலையிலயே வாங்க அண்ணாச்சி, வெயிலுக்கு முந்தி" என்றார். "மச்சானை மெதுவாக் கூட்டியாரலாம்."

அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், வண்டியை எடுக்கச் சொன்னார். அடுத்த தெருவில் குடிதண்ணீர் வராத சேதி சொல்ல வேண்டியிருந்தது.