எறா படாத சட்டி

பழவேற்காட்டுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் குணசுந்தரியின் சோற்றுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கலங்கரை விளக்கம் பார்க்க வருகிறவர்கள், மீன்வளத் துறை அதிகாரிகள், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிறவர்கள், எல்லோரும் எறா என்று அந்தக் கரையில் சொல்லும் இறால் வறுக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே வந்துவிடுவார்கள். கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, மூன்று அடுப்பு. புருஷன் அப்பாவு ஏரியில் பிடித்து வருவதை அவள் சமைப்பாள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் உப்பு, புளி பற்றித்தான்.

கடை போடுவதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் அவள் மீன்கூடை தூக்கியவள். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயிலில் கவரைப்பேட்டை, பிறகு வரப்பு வழியாக ஊர் ஊராக நடை. நெல் விளையும் ஊர்களில் பெரிய வீடுகள் மீனை ஆசையாக வாங்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் மட்டும் கொல்லைப்புறமாக வரச் சொல்வார்கள். கையைக் குவித்துக்கொண்டு குனிய வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சொம்பு அவள் மேல் பட்டுவிடக் கூடாது. இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கை தானாகக் குவிந்துவிட்டது.

கூடையை இறக்கிவைத்துக் கடை போட்ட பிறகு அவளுக்கு ஒரு பெருமை வந்தது. இந்தக் கரையில் இறங்கி அவள் கையால் சாப்பிடாமல் போனவர் யாரும் இல்லை. தாசில்தார் சாப்பிட்டிருக்கிறார். கப்பல் இன்ஜினியர் ஒருவர் இலையை வழித்திருக்கிறார். எழுபத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் எலியாஸ் வரும்வரை அந்தப் பெருமைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

எலியாஸ் ஹாலந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் யூதவியல் துறை ஆசிரியர், தானும் யூதர். ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் அந்தத் துறையின் நூலகத்தில் நான் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறேன். திருவள்ளூருக்குத் திரும்பி வந்து, கோர்ட்டு வேலைக்குப் போய்வரும் என் அப்பாவுக்கு டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டு உட்கார முடியாமல் இருந்த நேரத்தில், எலியாசுக்கு மொழிபெயர்க்க வர முடியுமா என்று துறையிலிருந்து கேட்டார்கள். அன்றைக்கே பையைக் கட்டிவிட்டேன்.

துறையில் அந்த வருஷம் மூன்று வேலைகள் நடந்தன. ஒரு குழு பழைய வணிகர்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தது. இன்னொரு குழு கொச்சியில் யூதப் பெண்களின் பாட்டுகளை டேப்பில் பதிவு செய்தது. மூன்றாவது எலியாசின் வேலை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பவளம் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். அவர்களில் யாராவது டச்சுக்காரர்களின் பழவேற்காட்டில் வாழ்ந்து, செத்து, புதைக்கப்பட்டார்களா என்று கல்லறை கல்லறையாகப் பார்க்க வேண்டும். எழுத்து உள்ள கல்லின் மேல் காகிதத்தை விரித்துக் கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்ப்பார். எழுத்து வெள்ளையாகத் தெரியும். பகல் முழுக்க இதுதான்.

முதல் நாள் குணசுந்தரி தன்னிடம் இருந்ததில் சிறந்ததையே கொண்டுவந்தாள். நண்டுக் குழம்பு, எறா வறுவல். எலியாஸ் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்து மறுத்தார். அவர் மதத்தில் நண்டும் எறாவும் ஆகாது, செதில் உள்ள மீன் சாப்பிடுவார் என்று சொன்னேன். அது ஒன்றும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. புரட்டாசியில் ஊரில் பாதிப்பேர் மீனே தொடுவதில்லையே. மறுநாள் செதில் உள்ள மடவை மீனில் குழம்பு வந்தது. அதையும் மறுத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. வயிறு சரியில்லாத மனிதர் வாழைப்பழமும் ரொட்டியும் தின்று, தான் தங்கியிருந்த ஓட்டு வீட்டில் தானே கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தில் சோறு பொங்குவதைத் தெருவே பார்த்தது. பக்கத்துக் கொட்டகை அங்காளம்மாள் கருவாடு புரட்டிக்கொண்டே, சீமையிலிருந்து வந்தவன்கூட உன் சட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறானே என்று கேட்டுவைத்தாள். அன்று கடைக்கு வந்தவர்களுக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது.

அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குப் புரிந்தது. தனிப் பாத்திரம், தனிச் சோறு, நெஞ்சில் கை வைத்த மரியாதையான மறுப்பு. கவரைப்பேட்டைப் பக்கத்துக் கொல்லைப்புறங்களில் அவள் பார்க்காததா? எலியாசுக்கோ அவள் அப்படி நினைக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் வயிற்றின் மேல் பழி போட்டுத் தப்பித்துப் பழகியவர். சமைத்துத் தருகிறவர்களுக்குத் தன்னால் தொந்தரவு கூடாது என்ற கூச்சம்.

வியாழக்கிழமை காலை குணசுந்தரி கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். எலியாஸ் மண்டியிட்டு ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே நின்றாள்.

"பாப்பா, அய்யாவ கேளு. எறா வேணாம்னாரு, சரி. நண்டு வேணாம்னாரு, சரி. மீன் துன்னுவாருன்னு சொல்லிட்டு அதையும் வேணாம்னா, என் சட்டி இன்னா பாவம் பண்ணிச்சாம்? இல்ல, என் கை பண்ணிச்சா?"

அப்படியே சொன்னேன். எலியாஸ் மெழுகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. கை பற்றி ஒன்றுமே இல்லை, சட்டி பற்றித்தான் என்றார். எறா வெந்த மண்சட்டி எறாவைக் குடித்துவிடும், எப்படிக் கழுவினாலும் போகாது, பிறகு அதில் எதை வேகவைத்தாலும் தங்கள் வழக்கப்படி அது எறாதான். தன் அம்மா வீட்டில் கறிக்கும் பாலுக்கும் தனித்தனியாக உள்ள சட்டி மாறிப்போனால் அம்மா கையால் ஆனதையும் சாப்பிட மாட்டாராம்.

"அவங்க ஆத்தா ஊட்லயுமா?" என்று குணசுந்தரி என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன். செருகியிருந்த முந்தானையை அவள் அவிழ்த்துவிட்டாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாங்க மட்டும் அங்காளம்மனுக்குப் பொங்க வெக்கசொல்ல மீன் சட்டியிலயா வெக்கறோம்? புதுச் சட்டிதானே எடுக்கறோம்? அதே மாதிரி ஒண்ணு எடுத்தா துன்னுவாரா, கேளு."

சாப்பிடுவார். ஆனால் இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லத் தயங்கித் தயங்கி, கடைசியில் சொன்னார். அடுப்பை அவரேதான் மூட்ட வேண்டும். வேற்று மதத்தார் சமைக்கும்போது நெருப்பாவது தங்கள் கையால் ஏற்றப்பட வேண்டும் என்பது அவர்கள் முறை. அதை மொழிபெயர்க்க எனக்கும் தயக்கம்தான். ஆறிய புண்ணை மறுபடி கிளறுமோ என்று பயந்தேன்.

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுப்பு மூட்டணுமா? இதுக்கா இம்மாம் பேஜாரு? தெனம் வந்து மூட்டச் சொல்லு, எனக்கு ஒரு வேல மிச்சம்."

மாசித் திருவிழாவுக்காகக் குயவர் வண்டி ஊருக்குள் வந்திருந்த நேரம். வெள்ளிக்கிழமை மதியம் புதுச் சட்டி வந்தது, புதுக் கொட்டாங்கச்சி அகப்பை வந்தது. சூரியன் இறங்குவதற்குள் சமைத்து முடித்துவிட வேண்டும், இருட்டினால் எலியாசின் மதத்தில் வாராந்தர ஓய்வு நாள் தொடங்கிவிடும், நெருப்பு ஏற்றக் கூடாது. அப்பாவு முழு மடவைகளைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார். எலியாஸ் ஒரு செதிலை நகத்தால் பெயர்த்துப் பார்த்துத் திருப்தியானார். எறாவும் நண்டும் பட்டது போக அரிவாள்மனையை மணலில் பலமுறை குத்தி எடுக்கச் சொன்னார். அதில் மணல் போட்டுத் தேய்க்காத நாள் ஏது என்று குணசுந்தரி குத்தி எடுத்தாள்.

பிறகு அவர் அடுப்புக்கு முன்னால் குந்தினார். சவுக்கு மிளாறைத் தாறுமாறாக அடுக்கினார். ஏரிக்காற்றில் தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. புகை மட்டும் வந்தது. பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னாடி குணா, அடுப்பு மூட்ட ஆபீசரு வெச்சுகினியா?" என்றாள் அங்காளம்மாள்.

குணசுந்தரி புருஷனைக் கூப்பிட்டாள். "நல்லா பாத்துக்கோ. என்னக் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து ஒரு நாளாச்சும் ஒரு குச்சி கிழிச்சிருப்பியா?"

"நானும் அந்த தேசத்துல பொறந்திருந்தா கிழிச்சிருப்பேன்" என்றார் அப்பாவு.

அவர் போய்க் காற்றை மறைத்து நின்றார். மிளாறு பற்றிக்கொண்டது. எலியாஸ் கண்ணீரோடு எழுந்து ஏதோ சாதித்தவர்போல் எல்லோரையும் பார்த்தார். அதற்குமேல் அடுப்பு குணசுந்தரியினுடையது.

பொழுது சாய்ந்ததும் வாழையிலை போட்டாள். தன் ரொட்டியைப் பிட்கும் முன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது அவர் வழக்கம். அவர் சொம்பைத் தேடினார். குணசுந்தரி அதற்குள் எடுத்துவிட்டாள். அவர் கைகளை நீட்ட, இவள் பக்கத்தில் குனிந்து, கையை ஒட்டியே மெதுவாக ஊற்றினாள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். குழம்பை ஒரு வாய் போட்டதும் நெற்றி வேர்த்தது, மூக்கு ஒழுகியது. நிறுத்தவில்லை. இலையை நகர்த்தி இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினார். அவள் அங்காளம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தேடியது அந்த வருஷம் கிடைக்கவில்லை. தேய்த்த கற்களெல்லாம் டச்சுக்காரர்களுடையவை. ஓர் உடைந்த துண்டில் மட்டும் சந்தேகம் இருந்தது. துறை அச்சிடும் ஆண்டுச் செய்தியில் பழவேற்காட்டு ஆய்வு தொடர்கிறது என்று போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னபோது, அப்ப திரும்பி வருவாரு என்று மட்டும் குணசுந்தரி சொன்னாள்.

அந்தச் சட்டியை அவள் கழுவிக் கொட்டகை மூலையில் உயரமாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். விருந்தாளிகள் வந்த ஒரு நாள் அங்காளம்மாள் நண்டு வைக்க அதைக் கேட்டாளாம். "அது எறா படாத சட்டி, வேற பாரு" என்று குணசுந்தரி அனுப்பிவிட்டாளாம்.

மறு மாசியில் எலியாஸ் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையை என்னிடம் தந்துவிட்டு நேரே கொட்டகைக்கு நடந்தார். குணசுந்தரி கடைக்காரியின் சிரிப்போடு வாங்க என்றாள். மூலையில் இருந்த சட்டியை இறக்கித் துடைத்து அடுப்பின் மேல் வைத்தாள். மிளாறை இந்த முறை அவளே ஒழுங்காக அடுக்கியிருந்தாள். அடுப்பின் முன்னால் மணைக்கட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, தீப்பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.