பார்க்கலாம், பிரதி எடுக்கக் கூடாது

பேசியவர்கள் மறந்துபோவதை எழுதிவைத்து, எழுதியதை யாரும் படித்துவிடாமல் பூட்டிவைப்பதுதான் சபைக் குமாஸ்தாவின் தொழில். ஏழு உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் மேஜையைத் தட்டிக் கத்தியதை 'சபை நெடுநேரம் விவாதித்தது' என்று ஒரே வரியில் அடக்கியிருக்கிறீர்களா? மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டுக் கூரை ஒழுகியது என்று சாதித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சர்க்கரை விலை ஏறி, நம் ஜனங்கள் ஏறக்குறைய ஏக்கர் அளவான அர்ப்பான் கணக்கில், இரண்டு அர்ப்பான், மூன்று அர்ப்பான் என்று கரும்பு நிலம் வாங்கத் தொடங்கிய காலம் அது. மொரீஷியஸின் வடக்கே ஒரு மாவட்டச் சபையில் நான் இரண்டாம் குமாஸ்தா. எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தலைமைக் குமாஸ்தா முசே அந்துவான். முசே என்றால் இங்கே ஐயா என்று அர்த்தம். புதுச்சேரியிலிருந்து வந்த தச்சர்களின் வம்சம். அந்தக் குடும்பத்தில் தமிழ் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ரசத்தின் மேல் ஆசை மட்டும் போகவில்லை. அவர் என்னோடு பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

கற்பூரம்

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரி கட்டும் எவரும் சபையின் கூட்டக் குறிப்பேட்டை வியாழக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பார்க்கலாம். ஆனால் பிரதி எடுக்கக் கூடாது. தலைவர் கையெழுத்திட்ட பிரதி மட்டுமே செல்லும். குமாஸ்தா எதையும் விளக்கிச் சொல்லவும் கூடாது. முசே அந்துவான் அதைப் பிரெஞ்சில் அழகாக எழுதிக் கதவில் ஒட்டினார். "ஒரு ஈ கூட வராது, கந்தசாமி" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

முதல் வியாழக்கிழமையே பதினோரு பேர் வந்தார்கள். குட்லண்ட்ஸ் சாலையில் நிலம் வைத்திருந்த சின்னச் சின்ன விவசாயிகள். எல்லோரும் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்கள். நான் குறிப்பேட்டை மேஜையில் வைத்து விரித்ததும், முன்னால் நின்ற வீராசாமி இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதன்மேல் கற்பூரம் வைத்து, தீக்குச்சியை உரசிப் பற்றவைத்துவிட்டார். முசே அந்துவான் நாற்காலியோடு பின்னால் போய், "பா கபாவ்! பா கபாவ்!" என்று அலறினார். முடியாது, கூடாது, எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரே சொல்தான். நான் ஓடிப்போய்க் கற்பூரத்தை ஊதி அணைத்தேன். பாவம் சேர்ந்திருக்கும், ஆனால் குறிப்பேடு பிழைத்தது. வீராசாமிக்குக் கோபமே வரவில்லை, வருத்தம்தான்.

"ஊர் வழக்கெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குங்கிறீங்க. அப்படிப்பட்ட புத்தகத்தை வெறுங்கையோட வந்து பாக்கலாமா, தம்பி?"

ஆட்டுக்கு வந்த பெருமை

வீராசாமியின் வெள்ளாடு, சபை சாலையோரத்தில் நட்ட கன்றுகளை மேய்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஓர் உறுப்பினர் புகார் சொன்னார். நானும் ஆட்டின் நிறம், சொந்தக்காரர் பெயர் எல்லாம் போட்டுக் குறிப்பில் ஏற்றினேன். வியாழக்கிழமை வீராசாமி வந்து தன் பெயர் எங்கே என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், போய்த் தன் வீட்டு ஆட்களையெல்லாம் அழைத்துவந்து காட்டினார்.

அது அத்தோடு நிற்கவில்லை. மறு வாரம் அவருடைய பங்காளி சுப்பராயன் வந்தார். முகம் உர்ரென்று இருந்தது. நான் என்ன சொல்லியும் அவர் ஆறவில்லை.

"அவன் ஆடு ஒரு கன்னுதான் தின்னுச்சு, என் ஆடு ஏழு தின்னுச்சு. எங்க குடும்பத்தை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

சின்னதாக ஒரு வழி

இப்போது முனியம்மாளுக்கு வருகிறேன். சிரிப்புக் கதைகளுக்கு நடுவே சிரிப்பில் சேராத விஷயம் இது ஒன்றுதான்.

கணவர் காய்ச்சலில் போனபின், மூன்று அர்ப்பான் கரும்பைத் தனியாகப் பார்த்துவந்தவள் முனியம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் அக்கா என்பேன். அவள் நிலத்திலிருந்து பெரிய சாலைக்கு வண்டி போக ஒரே வழி, பக்கத்துப் பெருந்தோட்டத்தின் ஓரமாகப் போனது. அந்த வருஷம் தோட்டத்தார் அதன் குறுக்கே கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அது தனியார் வழி என்றார்கள். வெட்டிய கரும்பு இரண்டு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் வீண். தலைச்சுமையாக எவ்வளவு கொண்டுபோக முடியும்? அறுவடை தொடங்க இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் கேட் திறக்காவிட்டால் நிலத்தைத் தோட்டத்துக்கே விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். தோட்டத்தார் எதிர்பார்த்ததும் அதைத்தான். இதில் இன்னொரு சங்கதி உண்டு. அந்தத் தோட்டத்தின் நிர்வாகிதான் எங்கள் சபைத் தலைவர்.

"அது பொது வழின்னு சபையில முடிவு பண்ணி எழுதினாங்க. எங்க மாமனார் கேட்டுட்டு வந்து சொன்னாரு" என்றாள் முனியம்மாள். எப்போது என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்கு எட்டு வயசு. தைப்பூசக் காவடி முடிஞ்சு அடுத்த வாரம்." எங்கள் அட்டவணையில் தைப்பூசம் கிடையாது. தை எந்த ஆங்கில மாதத்தில் விழும் என்று விரல் விட்டு எண்ணி, கரையான் தின்ற பழைய குறிப்பேடுகளை மூன்று வாரம் புரட்டினேன். 'சாலை' என்ற தலைப்பில் இல்லை, 'வழி'யிலும் இல்லை. வழியில் சல்லி கொட்டச் சொன்னதால், எனக்கு முன்னிருந்த புண்ணியவான் அதைக் 'கற்கள்' என்ற தலைப்பில் போட்டுவைத்திருந்தார்! நூற்றுப் பதினான்காம் பக்கம், ஆறாவது தீர்மானம். அதையும் விரல் வைத்துக் காட்டினேன். முனியம்மாள் குனிந்து அந்த இரண்டு வரியையே வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதாவா இருக்கு? வண்டி போற வழியாச்சே, தம்பி!"

ஒப்பிட்டுப் பார்த்தல்

பக்கம் கிடைத்துவிட்டது, ஆனால் என்ன பயன்? கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால் தலைவரிடம் போக வேண்டும். கேட்டைப் பூட்டியவரிடமே போய்ச் சாவியைக் கேட்கிற கதைதான். நான் விளக்கிச் சொல்லவும் கூடாது. முனியம்மாளுக்கு எழுத்து தெரியாது.

குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கம் கைகொடுத்தது. பழைய ஏட்டைப் புதிதாக எழுதினால், ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரதியில் விரலை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். கரையான் தின்ற ஏடுகளைத் திரும்ப எழுதச் சொல்லி ஏற்கனவே உத்தரவு இருந்தது. நான் நூற்றுப் பதினான்காம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். திங்கட்கிழமை காலையில் செய்கிற ஒப்பிடுதலை வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டேன். நான் உரக்கப் படிப்பேன். முசே அந்துவான் விரலை ஓட்டுவார். எதிரே பெஞ்சில் முனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிரியோல் பேசுகிற காதுக்குப் பிரெஞ்சு பாதிக்கு மேல் புரியும். காவடிப் பாட்டெல்லாம் அவள் கற்றது அப்படித்தான். ஒருவர் படிக்க, இவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் என்ன நடக்கிறதென்று எனக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு நான் அடுத்த பக்கம் போகவே இல்லை. அந்த ஒரே பக்கத்தை ஐந்து வியாழக்கிழமை ஒப்பிட்டோம். அவ்வளவு பிழையில்லாத பக்கம் தீவிலேயே வேறு இருக்காது.

ஐந்தாம் வாரம் முசே அந்துவான் விரலை நிறுத்தினார். "இதைப் போன வாரமும் பார்த்தோம் இல்லையா?" என்றார். ஒரு காற்புள்ளியில் சந்தேகம் என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பெஞ்சில் அசைந்துகொண்டிருந்த உதடுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி விரலை முதல் வரியில் வைத்தார்.

"அப்படியானால் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படி."

நடுவிலிருந்து வராது

அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் சபை கூடியது. முனியம்மாளின் மனு வந்தது. தலைவர் கடுமையானவர் அல்ல, நேரமில்லாதவர். "இது பொது வழி என்பதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து அடுத்த காகிதத்தை எடுத்தார். கேட்காமல் வாயைத் திறக்கக் குமாஸ்தாவுக்கு அனுமதி இல்லை. நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். முனியம்மாள் எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், கண்ணை மூடினாள்.

"பக்கம் நூற்றுப் பதினான்கு" என்று பிரெஞ்சில் ஆரம்பித்தாள். தேதி, கிழமை, வந்திருந்தவர் பெயர்கள், வராதவர் பெயர்கள், வராததற்குச் சொன்ன காரணம் எல்லாம் வந்தன. காவடிப் பாட்டின் ராகம் லேசாக ஒட்டியிருந்தது, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. முதல் தீர்மானம், கிணறு தூர்வாருதல். இரண்டாவது, சாலை விளக்குக்கு எண்ணெய். தலைவர் கையைத் தூக்கி, "வழியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். முனியம்மாள் கண்ணைத் திறந்து, "நடுவுல ஆரம்பிச்சா வராது முசே, முதல்ல இருந்துதான் வரும்" என்றாள். திரும்பவும் கண்ணை மூடி, பக்கம் நூற்றுப் பதினான்கிலிருந்து ஆரம்பித்தாள்.

ஓர் உறுப்பினர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். தலைவர் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். முசே அந்துவான் அதை விரித்து அவர் முன்னால் வைத்து, முனியம்மாள் சொல்லச் சொல்ல விரலை ஓட்டினார். ஆறாவது தீர்மானம் வந்தது. "மேற்படி வழி எந்நாளும் பொதுமக்களுக்கு உரியது, சல்லி கொட்டப்படும்." முன்மொழிந்தவர் பெயரை அவள் சொன்னபோது எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரின் அப்பா அவர். "வார்த்தைக்கு வார்த்தை சரி, முசே" என்றார் முசே அந்துவான். இருபது வருஷம் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர் அதைச் சத்தமாகவே சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மை காகிதத்தில் சொட்டியது, நான் துடைக்கவில்லை. தலைவர் பக்கத்தின் அடியிலிருந்த அப்பாவின் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டை நாளையே எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார், அதைக் குறிப்பில் ஏற்றும்படி என்னிடமும் சொன்னார். எல்லோரும் தொப்பியைத் தேடினார்கள். முனியம்மாள் மட்டும் உட்காரவில்லை. ஏழாவது தீர்மானத்தில் பாலத்துக்குப் போய்விட்டாள். வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று தலைவரே கெஞ்சினார்.

"இன்னும் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடிக்கல, முசே. பாதியில விட்டா பலிக்காது, எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள், சபையின் குறிப்பு ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஏழு உறுப்பினர்களும் தூங்காமல் கேட்டது என் உத்தியோக காலத்தில் அந்த ஒரு நாள்தான்.