முட்டைப் பெட்டிக்கு ஆமென்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தங்கச்சி கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. சட்டம் போட்டது அம்மா. அதில் அதிகம் அவதிப்படுவது நான்.

தங்கச்சிக்குப் பத்து வயது. கொரோனாவில் பள்ளிக்கூடங்களை மூடியபோது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். மறுபடி திறப்பதற்குள், வீட்டிலிருந்த வேதாகமத்தையும் தெருவில் போகிற லாரிகளின் முதுகையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே வாசிக்கப் பழகிவிட்டாள். அம்மா திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பல வருடம் டீச்சராக இருந்தவள். "நான் மாங்கு மாங்குன்னு சொல்லிக்குடுத்த பசங்க யாரும் இப்டி ஆசையா படிக்கலியே" என்று அப்பாவிடம் சொன்னாள். இருவரும் ஒரு வாரம் அதற்காக ஜெபம் செய்தார்கள். பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்பவே இல்லை. சபையில் யாராவது "பாப்பா எந்த ஸ்கூலு?" என்று கேட்டால், "எங்க ஸ்கூலு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

நான் இதற்கு நேர் எதிர். பள்ளி, டியூஷன், காலேஜ் என்று ஒரு படிக்கட்டையும் விட்டதில்லை. இப்போது விழுப்புரத்தில் பி.எட். காலை ரயிலில் போய், மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுவது எப்படி என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினால், யாரும் தூண்டாமலேயே ஒருத்தி வாசலில் உட்கார்ந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் கோடையில் வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அடைக்கோழிக்கு எதிரே போய் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கோழியே இல்லாமல் குஞ்சு பொரிக்கப்போவதாக அறிவித்தாள். அப்பா மினி லாரியில் மரக்காணத்திலிருந்து மீன் ஏற்றி வருபவர். அவரிடம் ஒரு பழைய தெர்மாகோல் மீன்பெட்டி வாங்கிக்கொண்டாள். உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். எல்லாம் சரி. முட்டைகளை மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கிவந்தாள். வெள்ளைவெளேரென்ற பண்ணை முட்டைகள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அம்மா, அது சேவலே சேராத கோழி போட்ட முட்டைமா. வருஷம் பூரா வெச்சாலும் குஞ்சு வராது."

"எனக்குத் தெரியாதா?"

"அப்ப சொல்லேன்."

"அவ கேட்டாளா?"

"பாவம்மா. பல்ப மாத்திக்கினு, தண்ணி ஊத்திக்கினு..."

"அதெல்லாம் அவ கத்துக்கறாளா இல்லியா? நீ இப்பவே போயி சொன்னா கதை இங்கியே முடிஞ்சிரும். வாய்க்கு ஒரு பிளாஸ்டர் போட்டுக்கினு போடி."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது குடும்ப ஜெபத்தில். சாப்பாட்டுக்கு முன் நால்வரும் பாயில் உட்காருவோம். கடைசி ஜெபம் தங்கச்சியுடையது. "ஆண்டவரே, பெட்டியில இருக்கிற முட்டைங்கள ஆசீர்வதிங்க. கரண்டு போகாம பாத்துக்குங்க. எல்லாக் குஞ்சும் நல்லபடியா வெளிய வரணும். ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்." அம்மா ஆமென் சொல்வாள். அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆமென் சொல்வார். நானும் சொன்னேன், தினமும். முட்டை பொரிக்காது. அப்புறம் இவள் யாரைக் கேட்பாள்? கடவுளிடம் கேட்டுக் கிடைக்கவில்லை என்றுதானே நினைப்பாள்?

அப்பாவை வண்டி கழுவும்போது பிடித்தேன். "உனக்கும் தெரியும்தானே? எப்டிப்பா மனசாற ஆமென் சொல்ற?"

"கொழந்த ஆசப்பட்டு கேக்குது. வேற இன்னா சொல்றது?" என்று சொல்லிவிட்டு டயருக்குத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். அவருக்கும் முகம் சரியில்லை.

அன்று மாலை நான் ஆமென் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் ஜெபம் முடிந்ததும் தங்கச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ இன்னாத்துக்கு மூணு நாளா ஆமென் சொல்ல மாட்ற?"

தட்டு எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. கேள்வி வந்துவிட்டது! சட்டப்படி இனி நான் பேசலாம்.

"இந்த முட்டைங்க பொரிக்காதுன்னு நெனக்கிறேன். அதான்."

"ஏன் பொரிக்காது?"

சேவல், கரு, பண்ணை என்று ஒரு முழுப் பாடத்தையே ரயிலில் வரும்போது தயார் செய்து வைத்திருந்தேன். மூச்சை இழுத்து ஆரம்பிக்கப்போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இரு இரு, சொல்லாத. நானே பாத்துக்கறேன்."

என் பாடம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

அவள் அம்மாவின் போனை வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. கரும்புள்ளியும் இல்லை, நரம்பும் இல்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போய் நேரடியாகவே விசாரித்திருக்கிறாள். கடைக்காரர், "அந்தக் கோழிங்க ஆயுசுல சேவலையே பாத்ததில்ல பாப்பா, ஆம்லெட்டு வேணா பொரியும்" என்றாராம்.

நான் சாயங்காலம் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பெட்டியின் பல்பு அணைந்திருந்தது. தங்கச்சி பாயில் உட்கார்ந்து அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மொதல்லியே தெரியுமா?"

"தெரியும்டா" என்றார் அப்பா.

"தெரிஞ்சிக்கினேவா ஆமென் சொன்னீங்க?"

நான் பயந்தது முட்டைக்காக. அவள் கடவுளிடம் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளுக்கு முட்டையும் பெரிதாகப் படவில்லை, கடவுள் மேலும் வருத்தமில்லை. எங்கள் ஆமென்தான் அவளை அழவைத்தது. அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீயா கண்டுபிடிக்கணும்னுதான் சும்மா இருந்தேன். ஆனா ஆமென் சொன்னது தப்புதான். சொல்லியிருக்கக் கூடாது."

தங்கச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நெசமா நெனச்சாதான் சொல்லணும். இதுவும் ரூல்."

"சரிங்க மேடம்" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவோடு வல்லம் போய், சித்தி வீட்டு நாட்டுக்கோழி முட்டைகளை உமியில் புதைத்துப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் ஆறவைத்த பிறகே பெட்டியில் வைத்தாள். அன்று ஜெபத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"அப்பா?"

"ஆமென்."

"அம்மா?"

அம்மா யோசித்தாள். "பாதி முட்டைக்கு ஆமென். மீதி பஸ்ல குலுங்கியிருக்கும்."

"அக்கா?"

"எல்லாத்துக்கும் ஆமென்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். உமியில் புதைக்க வேண்டும், ஆறவைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கே தெரியாது. பி.எட்.டில் அது இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மீன்பெட்டிக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது. நான் அன்று ரயிலை விட்டேன். சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சுகள் ஈரம் காய்ந்து பஞ்சுப்பொதிகளாக நின்றன. மூன்று முட்டைகள் கடைசிவரை அப்படியே கிடந்தன. அம்மா வாயைத் திறக்கவில்லை. தங்கச்சியும் கேட்கவில்லை. அந்த மூன்றையும் தனியாக எடுத்து வைத்தாள். நாளைக்கு உடைத்துப் பார்ப்பாளாம்.

ஜெபத்தில் குஞ்சுகளுக்காக ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினாள். முதல் வரி முடியவில்லை. அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆமென்!"

"இருப்பா" என்றாள் கண்ணைத் திறக்காமல், "இன்னும் முடிக்கல."