ஏஷினன் ஏரியில் எடுக்காத படம்

மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும் என்று சுவிஸிலிருந்து போன் வந்தபோது, நான் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றேன். அண்ணை செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. வேலைக்கு வெளிக்கிட்டவர் படியில் விழுந்தாராம். போனில் கதைத்தவர் அண்ணையோடு ஒரே வீட்டில் பல வருடம் இருந்த சிநேகிதர்.

“என்னட்டை அவற்ற படம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. எடுக்கிறதெண்டால் அவர்தானே எடுப்பார். நீங்கள் வந்து நிண்டனீங்கள்தானே, உங்களிட்ட இருக்கும்.”

“ஓம், நிறைய இருக்கு. இப்ப அனுப்புறன்,” என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அண்ணை கலியாணம் கட்டவில்லை. முப்பது வருடமாக ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. எந்த ஊரிலிருந்து சொந்தக்காரர் போனாலும் லீவு போட்டுவிட்டு மலை காட்டுவது அவர்தான். வரிசை மாறவே மாறாது. முதல் நாள் துன் ஏரியில் கப்பல், அடுத்த நாள் பிரியென்ஸ் ஏரி, பிறகு பல்சக்கர ரயிலில் மலை, கடைசி நாள் ஏஷினன் ஏரி. விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார். பசித்த வயிற்றுக்கு மலை தெரியாது என்பார். ஆட்கள் வராத வருடங்களில் அவர் மலைப்பக்கமே போவதில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தின கோடையில் நான் தனியாகப் போயிருந்தேன். உள்ளதைச் சொன்னால், மூன்றாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் நோவு வேறு.

“எல்லா மலையும் ஒரே மலைதானே அண்ணை,” என்று சலித்துக்கொண்டேன்.

“உங்கட மொன்ட்ரியாலிலயும் ஒரு மலை இருக்காமே?”

“அது மலையில்லை, மேடு. பஸ்ஸே ஏறும்.”

“பரவாயில்லை, ஒருக்கா வந்து பாக்கிறன்,” என்றார்.

ஏஷினனுக்குக் கம்பியில் தொங்கிப் போகிற பெட்டியில் ஏறி, பிறகு அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. மேலே உறைபனி, அதிலிருந்து மெல்லிசாக வழிந்து விழும் அருவிகள், கீழே பச்சைத் தண்ணீர். அண்ணை என்னை ஒரு தட்டைக் கல்லில் இருத்தினார். அவருடைய பழைய போனில் படம் தெளிவாக விழாது; எப்போதும் வந்தவர்களின் போனை வாங்கித்தான் எடுப்பார்.

“சிரியன். பல்லுக் கொட்டுண்டிடாது.”

இருபது படமாவது எடுத்திருப்பார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, தலைமயிரைக் கையால் படிய வைத்தார். “என்னையும் இதில ஒண்டு எடன்,” என்றார்.

போனில் கொஞ்சச் சார்ஜ்தான் மிச்சம். மொன்ட்ரியாலில் இருக்கிற சிநேகிதிகளுக்கு என்னுடைய படங்களை அனுப்ப வேண்டும் என்ற அவதி எனக்கு. “பேந்து எடுப்பம் அண்ணை, சார்ஜ் இல்லை,” என்றேன். அவர் பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். குடித்து முடிய முதலே முகில் இறங்கி மழை வந்துவிட்டது. அடுத்த நாள் நான் பிளேன் ஏறினேன்.

சிநேகிதரின் போன் வந்த அன்று, பனி வழிக்கிற சவளைப் போட்டுவிட்டு உள்ளே வந்து போனில் அண்ணையின் படத்தைத் தேடினேன். நானூறுக்கு மேற்பட்ட படங்கள். கப்பலில் நான், ரயிலில் நான், பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான். ஒன்றில் மட்டும் ஓரத்தில் அண்ணையின் பெருவிரல் விழுந்திருந்தது. குடும்பத்து வாட்ஸப்பில் கேட்டேன். லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று எல்லாரும் தேடி அனுப்பினார்கள். எல்லாரும் அதே தட்டைக் கல்லில் இருந்து சிரித்தார்கள். அவரை ஒருவரும் எடுத்திருக்கவில்லை. மற்றவர்களிடம் அவர் கேட்டாரோ தெரியாது. என்னிடம் கேட்டார்.

கடைசியில் அவருடைய வதிவிட அட்டையில் இருந்த படத்தைத்தான் அறிவித்தலில் போட்டார்கள். பொலிஸ் பிடித்து வைத்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணை முறைத்து நான் கண்டதே இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்தோம். நான் ஏரிக்கரையில் இருக்கிற என் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். என் கணவர் பதறிப்போனார்.

“உமக்கென்ன விசரோ? உயிரோட இருக்கிற ஆளின்ர படத்தைச் செத்த ஆளுக்குப் பக்கத்தில ஆரும் வைப்பினமோ? எடும் அதை.”

“இருக்கட்டும். என்ரை முகத்தைப் பாருங்கோ,” என்றேன். “அதில நான் பாத்துச் சிரிக்கிறது அண்ணையை.”