பதினொன்றாம் பாயில் படுத்திருந்தவள்

இதில் நான் ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன், என் அக்கா கேட்டுக்கொண்டதால். ராத்திரியில் நடந்தது இல்லை. இருட்டோ மழையோ கிடையாது. பட்டப்பகல். சுற்றி இருபது பேர்.

நடந்தது என் அக்கா மகளுக்கு. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. சின்னதிலிருந்தே வீட்டில் யார் இருமினாலும் ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு "ஆ காட்டுங்க" என்று வந்து நிற்பாள். அதனால் அவளுக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டோம். அக்காவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. பக்கத்து வீடு, பால் போடுகிறவர், தையல்காரர் என்று ஒருவர் விடாமல் "என் பொண்ணு டாக்டராகப் போறா" என்று சொல்லி வைத்திருந்தாள். கோடை விடுமுறையில் பத்து நாள் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது, பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள். தினமும் காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை.

முதல் நாளே டாக்டரம்மா பஸ்ஸை விட்டுவிட்டாள். மூச்சு வாங்க மாடி ஏறிப் போனபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பெரிய ஹால். தரையில் நீல நிறப் பாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பாய்க்கு இரண்டு பேர். ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்க, இன்னொருவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஜோடி அமைந்துவிட்டது. இவள் இருபத்தொன்றாவது ஆள்.

சொல்லிக்கொடுப்பவர் ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் அட்டை. அட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே ஜன்னல் பக்கம் பேனாவைக் காட்டினார்.

"அங்க பதினொண்ணுல படுத்திருக்கு பாரு. அதோட பண்ணிக்கோ."

போனாள். பதினொன்றாம் பாயில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் பச்சை டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். அவள் போட்டிருந்தது மஞ்சள். பழைய ஸ்டாக் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. ஆனால் அவள் கண்ணைச் சுருக்கவே இல்லை.

"ஹாய்," என்றாள் இவள்.

அவள் உதட்டை லேசாக விரித்தாள். அவ்வளவுதான்.

விசில் ஊதியது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முப்பது விநாடி எண்ண வேண்டும். வந்ததை இரண்டால் பெருக்கிச் சொல்ல வேண்டும். இவள் அவள் கையை எடுத்தாள். கனமாக இருந்தது. குளிர்ச்சியாகவும் இருந்தது... அந்த வெயிலில் கிடந்த கை.

விரலை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் நகர்த்தினாள். இல்லை. அழுத்தினாள். இல்லை.

மறுபடி விசில். சார் ஒவ்வொரு பாயாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஒண்ணு?" "எழுபத்தெட்டு சார்." "ரெண்டு?" "எண்பது சார்." யாருமே தடுமாறவில்லை.

"பதினொண்ணு?"

முதல் நாளே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "எழுபத்தாறு சார்."

ஹால் முழுக்கக் குபீரென்று சிரிப்பு. சார் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். இவளுக்குக் காது சூடாகிவிட்டது. புளுகுவது முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். படுத்திருந்தவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தாறா?" என்றாள். மெதுவாக.

பதினொன்றே காலுக்கு இடைவேளை. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீ வரலையா?"

"சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

இரண்டாம் நாளும் நாடி கிடைக்கவில்லை. எழுபத்திரண்டு என்றாள். சிரிப்பு. மூன்றாம் நாள் எழுபத்தெட்டு. சிரிப்பு. யாரோ ஒருத்தன் "பொம்மை!" என்று கத்தினான். அன்றிலிருந்து அதுவே இவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. படியில் இறங்கும்போது "பொம்மை போகுது, வழி விடுங்கப்பா" என்பார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒளித்து வைப்பார்கள். ஏன் அந்தப் பேர் என்று இவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம்.

ராத்திரி வீட்டில் தன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். உடனே கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்தது. எனக்கும் பார்த்தாள். "சித்தி, உனக்கு எண்பத்திநாலு. காபியைக் குறை," என்றாள். ஆனால் அவள் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் சாரிடமே போய்விட்டாள். காலை ஒன்பது நாற்பது.

"சார்... பதினொண்ணுல பல்ஸே கிடைக்க மாட்டேங்குது சார்."

அவர் அட்டையில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். "கிடைக்காமத்தான் இருக்கும். அதுக்குத்தானே அதைப் போட்டிருக்கேன். போ, போ."

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டாள்.

"போட்டுக் குடுத்துட்டியா?" என்றாள் அவள்.

"இல்ல... எனக்குத்தான் சரியாப் பார்க்கத் தெரியல."

"உனக்குத் தெரியுது. சொல்லத்தான் மாட்டேங்கற."

ஒன்பதாம் நாள். மூச்சைப் பார்க்க வேண்டும். நோயாளியின் மூக்கின் அருகே கன்னத்தை வைத்து, பார்வையை நெஞ்சின் மேல் வைத்து, பத்து விநாடி.

குனிந்தாள். கன்னத்தில் காற்றே படவில்லை.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

ஐந்து... ஆறு... ஏழு...

காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல். வாயிலிருந்து காற்று வராமல் குரல் மட்டும் வந்தது.

"இப்பவாவது சொல்லு. இருக்கா... இல்லையா?"

"பதினொண்ணு?" என்றார் சார்.

இருபது முகங்கள் இவள் பக்கம் திரும்பின. சிரிப்பதற்குத் தயாராக இருந்தன.

"மூச்சு... வருது சார்."

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. படுத்திருந்தவளும் சிரித்தாள். அதுவரைக்கும் அவள் பல் தெரிந்து இவள் பார்த்ததே இல்லை.

"அவளும் இப்படித்தான் சொன்னா," என்றாள்.

மறுநாள் போக மாட்டேன் என்று டாக்டரம்மா அழுதாள். அக்கா விடவில்லை. கடைசி நாள், கீழே மேடை போட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், தானும் பகல் ஒன்றரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினாள். அக்கா இன்றைக்கும் அந்தக் காலையைச் சொல்லித்தான் அழுகிறாள். தலை வாரிப் பின்னி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாளாம்.

பத்தாம் நாள். பன்னிரண்டு நாற்பது. சார் கையைத் தட்டினார்.

"கடைசியா ஒரு தடவை. இன்னிக்கு மாத்திக்கங்க. இதுவரைக்கும் பார்த்தவங்க படுங்க. படுத்தவங்க பாருங்க."

இவள் பாயைப் பார்த்தாள். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக.

முதுகு நேராக இருந்தது. தலைமுடியின் பின்பக்கம் மட்டும் தட்டையாக, தூசியோடு ஒட்டிக் கிடந்தது.

"படு," என்றாள்.

ஏன் படுத்தாய் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "தெரியல சித்தி. படுன்னு சொன்னா. படுத்துட்டேன்," என்பாள்.

விசில்.

மணிக்கட்டில் இரண்டு விரல். ஐஸ் மாதிரி.

கையை இழுக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

காலை அசைத்தாள். காலும் அசையவில்லை.

கத்தினாள். வாய் திறக்கவே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. ஓரக்கண்ணில் சுவர்க்கடிகாரம். பன்னிரண்டு நாற்பத்தேழு.

"எட்டு?" "எழுபது சார்." "ஒன்பது?" "எண்பத்தாறு." "பத்து?" "எழுபத்திநாலு சார்."

"பதினொண்ணு?"

"எண்பத்திரண்டு," என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. சார் எழுதிக்கொண்டார்.

"சரி, எல்லாரும் கீழ போங்க. போட்டோ எடுக்கறாங்க. ஓடுங்க!"

தடதடவென்று காலடிகள். சிரிப்பு. யாரோ இவளைத் தாண்டிக் குதித்தார்கள்.

"ஏய், பொம்மை இன்னும் எந்திரிக்கல."

"நடிக்குது. விடு, சமோசா தீர்ந்துடும்."

மின்விசிறி நின்றது. கதவு சாத்தும் சத்தம்.

டக்.

அமைதி.

அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விரலை எடுக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

முதலில் வேகமாகத்தான் எண்ணினாள்.

"பதினாலு... பதினஞ்சு..."

பிறகு நடுவில் இடைவெளி.

"பதினாறு......"

கீழே மைக் சத்தம். கைத்தட்டல். மணி ஒன்று ஐந்து.

"பதினேழு.........."

இவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கில். தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள்.

"வரலையா? சரி, அடுத்தது..."

கைத்தட்டல்.

"அடுத்தது வர லேட்டாகுது," என்றாள் அவள். குனிந்து, இவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து.

"பதினெட்டு..............."

ஒன்று பதினொன்று.

கண்ணை மூட முடியவில்லை.

ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

"பத்தொம்..."

கதவு திறந்தது.

வாளி உருளும் சத்தம். ஹாலைக் கூட்டித் துடைக்கும் அம்மா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இவளைப் பார்த்தாள். ஒரு விநாடி நின்றாள். அப்புறம் விறுவிறுவென்று வந்து கழுத்தில் கையை வைத்தாள். அதே வேகத்தில் போட்ட கூச்சல் கீழே மைக்கையும் தாண்டிக் கேட்டதாம்.

ஓங்கி அறைந்தாள். நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். மூன்றாவது குத்தில் டாக்டரம்மா 'ஹக்' என்று மூச்சை இழுத்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு என் பீரோவில் இருக்கிறது. வந்து சேர்ந்த நேரம் ஒன்று முப்பத்தெட்டு. நாடித்துடிப்பு முப்பத்தாறு. எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பயத்தில் வந்த மயக்கமாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் சார் வந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"யாரு சார் அந்தப் பொண்ணு? பக்கத்துல உட்கார்ந்துட்டே இப்படி விட்டிருக்கா!"

"எந்தப் பொண்ணும்மா?" அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "உங்க பொண்ணுக்கு ஜோடி கிடையாதும்மா. பதினொண்ணுல நான் ரப்பர் பொம்மைதான் போட்டிருந்தேன். நெஞ்சு அழுத்திப் பழகற பொம்மை."

பத்து நாளும் இவள் ரப்பர் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதை இருபது பேரும் பார்த்திருக்கிறார்கள். பொம்மைக்குப் பல்ஸ் எழுபத்தாறு, மூச்சு வருது என்று இவள் சொல்வதைக் கேட்பதற்காகவே காத்திருந்திருக்கிறார்கள். ஒருவர்கூட வந்து, என்ன இது என்று கேட்கவில்லை. சாரோ அட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"அப்போ இன்னிக்கு எண்பத்திரண்டுன்னு உங்ககிட்ட சொன்னது யாரு?" என்று நான் கேட்டேன்.

"ஒரு பொண்ணு குரல்... கேட்டுச்சு. எழுதிக்கிட்டேன்," என்றார். அதற்கப்புறம் அவர் உட்காரவே இல்லை. போய்விட்டார்.

கூட்டித் துடைக்கும் அம்மா மட்டும் போகவில்லை. வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா போய் அவள் காலைத் தொடப் போனாள். அந்த அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. என் காலைத் தொடாதீங்க. நான் நல்லவ இல்ல."

பிறகு அவளாகவே சொன்னாள். இனி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன வருஷமும் இதே கிளாஸ்தாம்மா. அப்ப வேற சாரு. கடைசி நாள் அந்த ஜன்னலோரமா ஒரு பொண்ணு பேஷண்டா படுத்திருந்துச்சு. படுத்த இடத்துலயே அதுக்கு நெஞ்சுல ஏதோ ஆகிடுச்சு. ஜோடிப் பொண்ணு தொட்டுக்கூடப் பார்க்கல. வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிட்டுச் சாப்பிட ஓடிடுச்சு. எல்லாரும் போயிட்டாங்க. மூணு மணிக்கு அவங்கப்பா தேடிக்கிட்டு வந்துதான் பார்த்தாரு. வெளிய யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. அந்த இடத்துல ஆளைப் படுக்க வைக்கக் கூடாதுன்னுதான் இந்த வருஷம் பொம்மையைப் போட்டாங்க. அன்னையிலேர்ந்து எங்க யாரு படுத்திருந்தாலும் நான் தொட்டுப் பார்த்துடுவேன்."

"இதுல உங்க தப்பு என்னம்மா இருக்கு?" என்றாள் அக்கா.

அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் அதுக்கு உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாராம். நான் ஒண்ணே காலுக்கே கூட்ட வந்துட்டேன்மா. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என்னையேதான் பார்த்துச்சு. நல்லா நடிக்குதேன்னு நினைச்சு நான் சிரிச்சேன். அப்புறம், வெயில் மூஞ்சில அடிக்குதே பாவம்னு... திரையை இழுத்து விட்டுட்டு, சத்தம் வராமக் கதவைச் சாத்திட்டு வந்தேன்."