வண்டியூரில் இருக்கிறது எங்கள் பாஸ்வேர்டு

பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பெருமையோடு இன்று மதியம் ஒரு பிரிண்ட் எடுக்க வண்டியூரில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

கடைக்காரர் எங்கள் தேர்வுப் பக்கத்தைத் திறந்து வைத்து, மாணவர்களின் மார்க்கை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது யாரு லாகின்?"

"ஒரு ஹெச்.ஓ.டி. சாரோடதுண்ணே. இம்புட்டையும் உக்காந்து அடிக்க அவருக்குப் பொறுமை ஏது?"

பெயரைப் பார்த்தேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது, மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று நான் அனுப்பிய சுற்றறிக்கையில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட மகான். படித்துப் பார்த்துப் போட்டார் என்று நினைத்த என்னைத்தான் சொல்ல வேண்டும்.

"பாஸ்வேர்டை மாத்துறாராண்ணே?"

"அவரு எங்க மாத்துனாரு? ஒண்ணாந்தேதி ஆனா நாந்தான் மாத்துவேன். புதுசு என்னன்னு சாருக்கே தெரியாது. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டராம்ல?"

நாளை காலை அந்த லாகினை முடக்குவேன். மதியத்துக்குள் வேலைக்கு இடைஞ்சல் என்று அந்த மகான் என்மீது புகார் எழுதுவார். அதையும் இந்தக் கடையில்தான் டைப் அடிப்பார்கள்.

என் விதியை வரி பிசகாமல் கடைப்பிடிக்கும் ஒரே ஆளுக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. உங்கள் ஆபீஸ் எந்தக் கடையில் நடக்கிறது?